மாலை நான்கு மணி முதல் ஏழு மணி வரை

(நரிக்குடியில், மாலை மையங்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், பெற்றோர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் ஆகியோர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவது எப்படி, வந்த ஆள் மனம் சோர்ந்து போய்விடாமல் நிற்கச் செய்வது எப்படி என்று பேசச் சொன்னார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் முதல் கேள்வியின் பாரம் பாதி குறைந்துவிடும். அதனால் என் பேச்சில் பெரும்பகுதி இரண்டாவதைப் பற்றித்தான் இருக்கும்.

முதலில் அந்த நேரத்தைப் பாருங்கள். பள்ளிக்கூடம் நாலு, நாலேகாலுக்கு விட்டுவிடுகிறது. நம் ஒன்றியத்தில் கண்மாய் நிறைந்தால் ஒரு போகம் நெல். இல்லையென்றால் மல்லி, பருத்தி, குதிரைவாலி என்று மானாவாரி. அதுவும் பொய்த்தால் வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடுவது, அல்லது அருப்புக்கோட்டைப் பக்கத்து நூற்பாலைக்கு மில் வேனில் ஏறிப் போவது. இந்த வேலைகளில் எதுவுமே நாலு மணிக்கு முடிவதில்லை. வேன் திரும்பி வந்து இறக்கிவிடும்போது இருட்டிவிடுகிறது. நாலுக்கும் ஏழுக்கும் நடுவில் ஏழு வயதுப் பையன் எங்கே இருக்கிறான்? அப்பத்தா வீட்டில் இருந்தால் அங்கே. இல்லையென்றால் தெருவில், ஊருணிப் படியில், கண்மாயில் மண் அள்ளிய பள்ளத்தில். மழைக்காலத்தில் அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று வெளியே தெரியாது. பெண் பிள்ளையாக இருந்தால், அவள் தன் தம்பியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். பத்து வயதில் அவளே ஒரு வீட்டுக்குப் பொறுப்பாளி.

சட்டம் இந்த நேரத்தைப் பார்க்கவே இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. ஆனால் அது ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மட்டும். 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டமும் வேலை நடக்கும் இடத்தில் ஐந்து குழந்தைகள் இருந்தால் ஒரு பெண்ணைக் காவலுக்கு வைக்கச் சொன்னது. அங்கேயும் ஆறு வயதோடு கணக்கு முடிந்தது. ஆறிலிருந்து பதினாலு வரை கல்வி உரிமைச் சட்டம் பொறுப்பேற்கிறது, ஆனால் பள்ளி மணி அடிக்கும் வரைதான். பிள்ளைக்கு ஆறு வயது நிறைந்த அன்றே அதன் மாலைப் பொழுது யார் பொறுப்பிலும் இல்லாமல் போகிறது. தாயின் வேலை நேரமோ ஒரு நிமிடம்கூடக் குறைவதில்லை.

இந்த மாலைப் பொழுதை நம் மாநிலம் ஒரே ஒரு முறைதான் பெரிய அளவில் கையில் எடுத்தது. கொரோனா காலத்தில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் பள்ளிகள் மூடிக் கிடந்தன. ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27ஆம் தேதி, மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கி வைத்தார். மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேரம். சுமார் இருபது பிள்ளைக்கு ஒரு தன்னார்வலர். ஐந்தாம் வகுப்பு வரை சொல்லிக் கொடுக்கப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தால் போதும், எட்டாம் வகுப்பு வரை என்றால் பட்டம் வேண்டும். மதிப்பூதியம் மாதம் ஆயிரம் ரூபாய். ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். வீட்டுத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் நாடக மேடையிலும் பாய் விரித்து உட்கார்ந்தார்கள்.

‘நம் ஊரில் ஆள் எங்கே கிடைக்கும்’ என்று சொல்பவர்களிடம் இந்த இரண்டு லட்சத்தைத்தான் காட்டுகிறேன். படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். பி.ஏ., பி.எஸ்சி., சிலர் பி.எட்.கூட. அவர்களிடம் அதுவரை யாரும் வந்து கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அவர்கள் செய்த வேலையால் பலன் இருந்ததா என்றும் அளந்து பார்த்திருக்கிறார்கள். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளியல் அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். பள்ளி மூடியிருந்த காலத்தில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதம் மாலை மையங்களால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் கூடுதல் வேகத்தில் மீண்டதற்கும் இந்த மையங்கள் உதவியிருக்கும் என்றார்கள். நாற்பது ரூபாய்க்கு நடந்த வேலை இது. மாதம் இருபத்தைந்து மாலை என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் ரூபாய் நாளைக்கு நாற்பதுதானே? மையங்கள் தொடங்கிய அதே ஆண்டில் நூறு நாள் வேலையின் நாட்கூலி 273 ரூபாய். முழு நாள் வேலையையும் ஒன்றரை மணி நேரத்தையும் சமமாக வைக்க முடியாது என்பீர்கள். சரி. ஆனால் பாய் விரிப்பதும் இடம் கூட்டுவதும் வராத பிள்ளையின் வீட்டுக்கு நடப்பதும் கடைசிப் பிள்ளையின் தாய் வரும்வரை வாசலில் நிற்பதும் அந்த ஒன்றரை மணி நேரக் கணக்கில் சேரவில்லை.

இந்த மையங்கள் பின்னர் குறைக்கப்பட்டன. நான் பேச வந்தது அதற்கு முன்பே, திட்டம் முழு வீச்சில் நடந்தபோதே, தானாக விலகிப் போன பெண்களைப் பற்றி. அவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்டால், ‘சேவை மனப்பான்மை குறைந்துவிட்டது’ என்று மேடையில் ஒரு பதில் சொல்வார்கள். அந்தப் பதிலை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் பேசிப் பார்த்த பெண்களில் ஒருவர்கூடப் பிள்ளைகள் மீது சலிப்படைந்து போகவில்லை.

அவர்கள் சொன்னது வேறு. மாலை ஐந்து மணி என்பது கிராமத்தில் ஒரு பெண்ணுக்கு மிகவும் நெருக்கடியான நேரம். குழாயில் தண்ணீர் வரும். மாடு கட்ட வேண்டும், ஆடு திரும்பும், அடுப்புப் பற்ற வைக்க வேண்டும். புருஷன் வேலையிலிருந்து வருவார். அந்த நேரத்தில் எழுந்து போய் ஊரார் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார வேண்டுமென்றால், அவள் இடத்தில் வீட்டில் வேறு யாராவது அடுப்படிக்குப் போயாக வேண்டும். முதல் மாதம் மாமியார் பெருமையோடு போவார். நாலாவது மாதம், “அம்புட்டுப் பிள்ளைகளையும் பாக்குறே, உன் வீட்டுப் பிள்ள சாப்பிட்டுச்சான்னு பாத்தியா?” என்று ஒரு சொல் விழும். ஒரு நாள் காய்ச்சல் வரும். அன்று மையத்தைத் திறக்க ஆள் இல்லை. மறுநாள் பத்துப் பிள்ளைதான் வரும். ஐப்பசி மழையில் அது ஐந்தாகும். ‘நமக்குச் சொல்லிக் கொடுக்க வரவில்லை’ என்று அவள் தனக்குள்ளே முடிவு கட்டிக்கொள்வாள். இதையெல்லாம் எடுத்துச் சொல்ல அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் கிடையாது. மேலதிகாரி வந்தால் பதிவேட்டைப் பார்ப்பார், புகைப்படம் எடுப்பார், போய்விடுவார். அவளைக் கேட்டு ஒரு வார்த்தை பேசமாட்டார்.

மனம் சோர்வது தனிமையால். இதுதான் நான் சொல்ல வந்தது. இருபது பிள்ளைகளோடு ஒற்றைப் பெண்ணை உட்கார வைத்துவிட்டு, அவள் ஊக்கத்தோடு இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஜப்பானில் இந்த வேலைக்கு ‘காகுடோ ஹொய்க்கு’ என்று பெயர். வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளைப் பள்ளி விட்டதும் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மையங்கள். தாய்மார்கள் தாங்களே கூடித் தொடங்கிய இடங்கள்தான் அங்கே பல. 1997இல் குழந்தை நலச் சட்டத்தைத் திருத்தி அவற்றை அரசு ஏற்றுக்கொண்டது. 2015இல் ஒரு தரவரையறை வந்தது: ஒரு குழுவில் சுமார் நாற்பது பிள்ளைகள், பார்த்துக்கொள்ள இரண்டு பேர், அதில் ஒருவராவது பயிற்சி பெற்றவர். அங்கேயும் ஆள் பற்றாக்குறை உண்டு. அதனால் இந்த வரையறையைப் பிறகு தளர்த்தினார்கள். ஆனாலும் அந்தக் கணக்கை நம் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருபதுக்கு ஒருவர் என்பதும் நாற்பதுக்கு இருவர் என்பதும் செலவில் ஒன்றுதான். ஒரு பைசா அதிகமில்லை. நடைமுறையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் திறப்பார். ஒருவர் எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளையோடு உட்கார்ந்தால் மற்றவர் மீதிப் பிள்ளைகளைத் தாயம் ஆட, நொண்டி ஆட, கதை சொல்லக் கூட்டிப் போவார். விழுந்து முட்டி பெயர்ந்த பிள்ளையை ஒருவர் தூக்கிக்கொண்டு ஓடினால் மையம் அநாதையாகாது. வீடு திரும்பும்போது இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே நடப்பார்கள். ‘இன்னைக்கு அந்தப் பய சிரிச்சான், கவனிச்சியா மதினி?’ என்று ஒருத்தி கேட்பாள். அந்தப் பேச்சு கிடைத்தால் மறுநாள் வர மனம் வரும்.

அதனால் நம் ஊர்களில் அடுத்தடுத்து இரண்டு தெருவில் இரண்டு ஒற்றையாள் மையம் இருந்தால் அவற்றைச் சேர்த்துவிடுங்கள். பிள்ளைகள் கூடுதலாக நூறு அடி நடக்கட்டும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சேர்த்த இடம் ஊரில் எல்லாப் பிள்ளையும் தடையில்லாமல் வந்து உட்காரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். எந்தத் தெருப் பிள்ளை எந்த மண்டபத்துக்குள் கால் வைக்கலாம் என்ற பேச்சு இன்னும் நம் பக்கம் அற்றுப் போகவில்லை. பள்ளிக்கூட வராந்தா அதற்குப் பொருத்தமானது. சாவி யாரிடம் இருப்பது என்பதைத் தலைமையாசிரியரும் ஊராட்சித் தலைவரும் கூடிப் பேசினால் ஒரு நாளில் முடிவு செய்துவிடலாம். இதை முடிவு செய்யாமலே ஆண்டுகளைக் கடத்திய ஊர்களும் இருக்கின்றன.

இனி, யாரைத் தேடுவது? இதற்கு வெளியூர்ப் பாடமே வேண்டாம். 1980இல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. அது எடுத்துக்கொண்ட தென்மாவட்டங்களில் அன்றைய இராமநாதபுரமும் உண்டு. 1985இல் மாவட்டம் பிரியும் வரை நரிக்குடி அதில்தான் இருந்தது. அந்தத் திட்டத்துக்கு ஊழியரைத் தேர்ந்தெடுத்த முறை இன்றைக்கும் எனக்கு வியப்புத் தருகிறது. அந்த ஊரிலேயே குடியிருக்கும் பெண் வேண்டும், தானே ஒரு தாயாக இருக்க வேண்டும், ஏழை வீடாக இருந்தாலும் தன் பிள்ளையை ஆரோக்கியமாக வளர்த்தவளாக இருக்க வேண்டும் என்றார்கள். அப்படிப்பட்டவளின் பேச்சைத்தான் மற்ற தாய்மார்கள் கேட்பார்கள் என்று கணித்தார்கள். அப்படிப்பட்ட சுமார் பத்துப் பேருக்கு ஒரு மேற்பார்வையாளரை வைத்தார்கள். பத்துப் பேர் என்றால் ஒவ்வொருவர் பெயரும் வீட்டு நிலவரமும் மேற்பார்வையாளருக்குத் தெரியும். பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போக வேண்டிய அவசியம் வராது.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் இதே யோசனைதான். மகளிர் குழுவில் இருக்கும், தன் பிள்ளையே அந்தப் பள்ளியில் படிக்கும் பெண்ணைச் சமைக்க எடுத்தார்கள். தன் பிள்ளை சாப்பிடப் போகும் உப்புமாவை யாரும் அலட்சியமாகக் கிண்ட மாட்டார்கள். மாலை மையத்துக்கும் அப்படித்தான் பார்க்க வேண்டும். தன் பிள்ளையும் அந்தப் பாயில் உட்கார்ந்திருக்கும் தாயே முதல் ஆள். ‘உன் வீட்டுப் பிள்ளையைக் கவனிக்கவில்லையே’ என்ற மாமியாரின் சொல்லுக்கும் அங்கே இடமிருக்காது. பிள்ளை அவள் கண்ணெதிரிலேயே இருக்கும்.

பல ஊர்களில் கல்லூரி முடித்த கல்யாணமாகாத பெண்ணைத் தேடிப் பிடிக்கிறோம். துடிப்பாக வேலை செய்வாள், உண்மைதான். இரண்டாவது தை மாதத்தில் கல்யாணமாகிக் கமுதிக்கோ காரியாபட்டிக்கோ போய்விடுவாள். பிள்ளைகளும் ஏங்கிப் போகும். அவளை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவளை இரண்டாவது ஆளாக வையுங்கள். முதல் ஆளாக, வேற்றூரிலிருந்து இந்த ஊருக்கு வாழ வந்த மருமகளைத் தேடுங்கள். அவள் இங்கேதான் இருக்கப் போகிறாள். படித்த படிப்பைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, ‘இன்னார் மருமகள்’ என்று மட்டும் அறியப்பட்டு வாழ்கிறாள். தெருப் பிள்ளைகள் ‘டீச்சர்’ என்று கூப்பிடத் தொடங்கிய பிறகு, பேருந்து நிறுத்தத்தில் பெரியவர்கள் அவளுக்கு இடம் ஒதுக்குவதை நான் பார்த்திருக்கிறேன். அவள் படித்தவள் என்பது ஊருக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆயிரம் ரூபாயால் அந்த மரியாதையைத் தர முடியாது.

மரியாதை கிடைக்கிறதே, பணம் எதற்கு என்று உடனே கணக்குப் போட்டுவிடாதீர்கள். இந்தப் பேச்சில் எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். பெண்கள் செய்யும் வேலையைச் சேவை என்று புகழ்ந்து புகழ்ந்தே கூலியைக் குறைத்துவிடுகிறோம். அங்கன்வாடி ஊழியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1975இல் தொடங்கிய திட்டம். அவர்கள் வாங்குவது சம்பளமல்ல, மதிப்பூதியம்தான் என்று சொல்லியே பணிக்கொடை மறுத்தார்கள். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் குஜராத் வழக்கு ஒன்றில் அவர்களுக்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்புச் சொன்னது. நாற்பத்தேழு ஆண்டு ஆயிற்று. தமிழ்நாட்டில் சத்துணவு, அங்கன்வாடி ஊழியர்கள் போராடிப் போராடித்தான் சிறப்புக் காலமுறை ஊதியம் பெற்றார்கள். மாலை மையத்துப் பெண்களும் அத்தனை காலம் காத்திருக்க வேண்டுமா? தொகையை உயர்த்துவது அரசின் கையில் இருக்கிறது, கேட்க வேண்டியது நம் கடமை. கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்புங்கள். அதுவரை கொடுக்கும் தொகையாவது தேதி தவறாமல் கைக்கு வரட்டும். மூன்று மாதப் பாக்கியை ஒன்றாகக் கொடுத்தால் கணக்கில் சரியாக இருக்கும். ஆனால் அந்த மூன்று மாதமும் அவள் வீட்டில் ‘சும்மா போய்ட்டு வர்றே’ என்ற பேச்சைக் கேட்டிருப்பாள்.

வருகை குறையும் மாதங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் புரட்டாசியில் விதைப்பு, ஐப்பசி கார்த்திகையில் களையெடுப்பு, தை மாசியில் அறுவடை. அந்த நாட்களில் மூத்த பெண் பிள்ளைகள் கைக்குழந்தையைப் பார்க்க வீட்டில் நின்றுவிடுவார்கள். பங்குனி, சித்திரையில் ஊர்ப் பொங்கல், களரி என்று பத்து நாள் போகும். இந்த நாட்காட்டியைப் புதிதாக வரும் பெண்ணிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ‘கார்த்திகையில் பாதிப் பிள்ளைதான் வரும், அது உன் குறையில்லை’ என்று ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் நின்றிருப்பார்கள். அதோடு, தம்பி தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீர்கள். கைக்குழந்தைக்கு ஒரு மூலையில் சேலைத் தொட்டில் கட்டிவிடுங்கள். இரண்டாவது ஆள் இருந்தால்தான் இது நடக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மையம் இன்னொரு பள்ளிக்கூடமாக ஆகிவிடவும் கூடாது. காலை ஒன்பதிலிருந்து நாலு வரை உட்கார்ந்த பிள்ளையை மறுபடி வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தால் அது வராது. பிள்ளை வராவிட்டால் சொல்லிக் கொடுப்பவருக்கும் மனம் விட்டுப் போகும். முதல் அரை மணி விளையாட்டு. ஏதாவது வாயில் போட: அவித்த கடலையோ சுண்டலோ. இதற்கு மகளிர் குழுக்கள் வாரம் ஒரு குழுவாகப் பொறுப்பெடுக்கலாம். அப்புறம் வாசிப்பு. சேர்ந்த முதல் வாரம் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி, எங்கே தடுக்கி நின்றது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே பக்கத்தைக் கொடுங்கள். தன் வேலை வீண்போகவில்லை என்று ஒரு பெண்ணுக்குக் காட்ட அந்த நோட்டைவிட நல்ல சான்று கிடையாது. மேற்பார்வைக்கு வருபவர் வருகைப் பதிவேட்டுக்கு முன் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

மனிதர்கள் காசில்லாமலே உற்சாகமாக உழைத்த காலமும் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது புதுக்கோட்டையில் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் இரவில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள், பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராகத் திரண்டார்கள். அங்கே யாரும் தனியாக இல்லை. அது ஓர் ஊர்வலம் போல நடந்தது. ஆனால் பிள்ளை வளர்ப்பு ஆண்டு முழுக்க, ஒவ்வொரு மாலையும் நடக்க வேண்டிய வேலை. ஊர்வலத்தின் உற்சாகத்தை மட்டும் நம்பி அதை நடத்த முடியாது. தேதியில் கூலி, பக்கத்தில் துணை, மாதம் ஒரு முறை பத்துப் பேர் கூடிப் பேசும் இடம் ஆகிய மூன்றும் வேண்டும். அந்த மாதக் கூட்டத்துக்குத் திருச்சுழி, நரிக்குடி வரை வந்து போகும் பேருந்துக் கட்டணத்தைக் கொடுங்கள். டீ வாங்கிக் கொடுங்கள். அறிக்கை வாசிப்பதை விட்டுவிட்டு, அவர்கள் பேசுவதை உட்கார்ந்து கேளுங்கள்.

ஊராட்சித் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபைக்கு முன்பாக, ஊரில் மாலை ஐந்து மணிக்கு வீட்டில் பெரியவர் யாரும் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று தெருத்தெருவாகக் கணக்கெடுங்கள். கூடவே பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வீட்டில் இருக்கும் மருமகள்கள் யார் யார் என்று எழுதுங்கள். இரண்டு பட்டியலும் ஒரே தாளில் இருக்கட்டும். பிறகு அந்தப் பெண்ணிடம் பேசுவதற்கு முன் அவள் மாமியாரிடம் போங்கள். ‘உங்க மருமக ஊருக்கு வேணும், அஞ்சு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் அடுப்படியை நீங்க பாத்துக்கிட்டா ஊரே உங்களுக்குக் கடன்பட்டிருக்கும்’ என்று சொல்லிக் கேளுங்கள். அவர் மகன் வீட்டில் இருந்தால் அவரையும் உட்கார வைத்துக் கேளுங்கள், தண்ணீர் பிடிப்பது ஆண் கைக்கு ஆகாத வேலையில்லை. இதே மாதிரி இன்னொரு வீட்டுக்கும் போய்க் கேளுங்கள். இரண்டு பேர் சரியென்று சொன்ன பிறகு மையத்தைத் திறந்தால் போதும்.